மீள்பவருக்கு யார் துணை? அளப்பது எப்படி? கேள்வி பதில்

(பதில் சொல்பவர்: மதுரையில் மனநலத் துறையில் பணியாற்றும் சமூகப் பணியாளர்)

கே: அபின் வகைப் போதையிலிருந்து (ஹெராயின், சில வலி மாத்திரைகள் போன்றவை) மீள்பவர்களுக்கு இருக்கும் ஆதரவை அளக்க எந்தக் கேள்வித்தாள் எடுக்கலாம்? - சமூகப்பணி மாணவி, மதுரை

ப: ஜிமெட் என்ற ஆய்வாளரின் குழு 1988இல் வெளியிட்ட MSPSS போதும். ஒருவர் தனக்கு எவ்வளவு ஆதரவு இருப்பதாக உணர்கிறார் என்று அளக்கும் கேள்வித்தாள் அது. 12 வாக்கியங்கள், குடும்பம், நண்பர்கள், நெருங்கிய ஒருவர் என்று பகுதிக்கு 4. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். பலரும் மொத்தச் சராசரியோடு நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் எனக்குப் பிடிக்காதது. குடும்பம் 2, நண்பர்கள் 6, நெருங்கியவர் 4 என்றால் சராசரி 4. ‘நடுத்தரம்’ என்று எழுதிவிட்டால் வீட்டில் பேச்சுவார்த்தையே இல்லாதது மறைந்துபோகும்.

கே: நண்பர்களுக்கு 6 வந்தால் நல்லதுதானே? - தன்னார்வலர், உசிலம்பட்டி

ப: யார் அந்த நண்பர்கள்? கஷ்டம் என்றால் ஓடிவருவார்களா என்றுதான் தாள் கேட்கிறது. சேர்ந்து மாத்திரை போட்டவனும் ஓடிவருவான், பையில் மாத்திரையோடு! அதனால் தனித்தாளில் இன்னும் இரண்டு கேளுங்கள்: அவர்களில் எத்தனை பேர் இப்போதும் போடுகிறார்கள்? நீங்கள் விடுவதைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? இந்தப் பதில்களை அந்த 12இன் மதிப்பெண்ணோடு கூட்டாதீர்கள்.

கே: மகன் போதையிலிருந்து மீள பியூப்ரெனார்பின் மாத்திரை எடுக்கிறான். சாப்பாடு, செலவு எல்லாம் நாங்கள்தான். ஆனாலும் அந்தத் தாளில் குடும்பத்துக்குக் குறைவான மதிப்பெண் போட்டிருக்கிறான். - ஒரு தாய், மேலூர்

ப: அம்மா, நீங்கள் செய்ததைத் தாள் கேட்கவில்லை, அவருக்கு என்ன தோன்றுகிறது என்றுதான் கேட்கிறது. தினமும் சட்டைப்பையைத் துழாவினால், சோறு போட்ட கையும் சந்தேகப்படும் கையாகத்தான் தெரியும். ‘ஒரு மாத்திரையை விட்டு இன்னொரு மாத்திரையா?’ என்று வீட்டில் யாராவது கேட்கிறார்களா? அதுவும் மதிப்பெண்ணைக் குறைக்கும். பியூப்ரெனார்பின் சிகிச்சை மருந்து. மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தச் சொல்லாதீர்கள். நிறுத்தியபின் பழைய போதைக்குத் திரும்பினால், உடம்புக்குத் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். முன்பு எடுத்த அதே அளவே மூச்சை நிறுத்திவிடலாம்.

கே: சிகிச்சைக்குச் சேர்ந்த அன்றே தாளைக் கொடுக்கலாமா? - செவிலியர், திருமங்கலம்

ப: வேண்டாம். உடல்வலி, தூக்கமின்மை, எரிச்சல் இருக்கும்போது எல்லோரும் எதிரிகள்தான். உடம்பு நிலைப்பட்டதும் ஒருமுறை, அப்புறம் சில மாதம் கழித்து ஒருமுறை.

கே: எழுதப் படிக்கத் தெரியாதவர் 1 முதல் 7 வரை எப்படிச் சொல்வார்? - அதே செவிலியர்

ப: நீங்களே வாசித்து, முதலில் ‘ஆமாவா, இல்லையா, நடுவிலா?’ என்று கேளுங்கள். நடு என்றால் 4. மற்றதற்கு ‘கொஞ்சமா, நிறையவா, ரொம்பவா?’ என்றால் மீதி எண்கள் வந்துவிடும். மனைவியோ அப்பாவோ பக்கத்தில் இருந்தால் மட்டும் கேட்காதீர்கள், எல்லாவற்றுக்கும் 7 வரும்.