மந்திரத்துக்கு என்ன விலை? புதிய துணைநூல் வருமுன் கேள்வி பதில்

கதை சொல்லிப் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்புக்குப் புதிதாக ஒரு மந்திர விதித் துணைநூல் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்ததிலிருந்து டெல்டா பக்கத்து ஆட்டக்குழுக்கள் கேட்ட கேள்விகள் இவை. நூலுக்குள் என்ன இருக்கும் என்ற ஆரூடத்துக்கு இங்கே இடமில்லை. வந்த அன்று எதைப் பார்ப்பது, எதைச் சேர்ப்பது, எதை ஒதுக்குவது என்பது மட்டும்தான். ஆளின் (ஆட்டப் பாத்திரத்தின்) நிலையை ‘லெவல்’ என்றும் மந்திரத்தின் நிலையைப் ‘படி’ என்றும் எழுதியிருக்கிறது. காரணம் பின்னால் வருகிறது. டி6 என்றால் ஆறுமுகப் பகடை, டி20 என்றால் இருபதுமுகப் பகடை. 2டி10 என்றால் பத்துமுகப் பகடை இரண்டு.

கும்பகோணம்: அண்ணே, புத்தகம் கைக்கு வந்ததும் எங்க பசங்க எத்தனை பகடை சேதம்னுதான் முதல்ல பார்ப்பாங்க. நீங்க எதைப் பார்ப்பீங்க?

சேதத்தைக் கடைசியில் பாருங்கள். ஒரு மந்திரத்தின் பலம் அது தருவதில் பாதி, அது கேட்கும் விலையில் மீதி. விலை நான்கு வகை: எந்தப் படி ஸ்லாட் (ஒரு நாளில் அந்தப் படி மந்திரம் போடக் கிடைக்கும் தடவை), ஆக்‌ஷனா போனஸ் ஆக்‌ஷனா ரியாக்‌ஷனா (முக்கியச் செயலா, கூடவே செய்யும் சிறு செயலா, எதிர்வினையா), கான்சன்ட்ரேஷன் (மந்திரம் நீடிக்க அதிலேயே மனம் குவித்திருப்பது) உண்டா, எதிரிக்குச் சேவ் (மந்திரத்திலிருந்து தப்பப் போடும் பகடை) உண்டா. இந்த நாலையும் ஒரு தாளில் குறித்த பிறகு பகடைக்கு வாருங்கள்.

பகடைக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. 2014 டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) கையேட்டில் புது மந்திரம் உருவாக்குவதற்கென்று ஒரு பட்டியல் உண்டு. முதல் படிக்கு ஒரே எதிரி என்றால் 2டி10, பலர் மேல் பட்டால் 2டி6. இரண்டாம் படிக்கு 3டி10, 4டி6. மூன்றாம் படிக்கு 5டி10, 6டி6. ஐந்தாம் படிக்கு 8டி10, 8டி6. இதோடு ஒப்பிட்டால் எல்லாரும் கொண்டாடும் ஃபயர்பால் (தீப்பந்து) மந்திரம் கணக்கை மீறியது என்று உடனே தெரியும். அது மூன்றாம் படி, ஆனால் 8டி6. சராசரி 28. நான்கு பேர் மேல் விழுந்து இருவர் சேவில் தப்பிப் பாதிச் சேதம் மட்டும் வாங்கினாலும் மொத்தச் சேதம் 84. ஒற்றை எதிரிக்கான 5டி10 தருவது சராசரி 27.5தான்.

அதனால் புது மந்திரத்தை ஃபயர்பாலோடு ஒப்பிட்டு ‘இது சப்பை’ என்று தள்ளாதீர்கள். பட்டியலோடு ஒப்பிடுங்கள். பட்டியலைவிட இரண்டு பகடை கூடுதலாக இருந்து, கான்சன்ட்ரேஷனும் கேட்காமல், போனஸ் ஆக்‌ஷனில் போடலாம் என்றால் அங்கே சிவப்பு மையால் வட்டம் போடுங்கள்.

சேதமே இல்லாத மந்திரங்களிடம் இன்னும் எச்சரிக்கை தேவை. எதிரியின் ஒரு முழுத் திருப்பத்தை (ஒரு சுற்றில் அவன் ஆடும் வாய்ப்பை) பறிக்கிற மந்திரம், பெரிய அரக்கன் ஒருவன் மட்டும் நிற்கும் சண்டையில், எந்தச் சேத மந்திரத்தையும் விட ஆட்டத்தைக் கெடுப்பது. அதில் ஒவ்வொரு திருப்பத்தின் முடிவிலும் மறுபடி சேவ் போடலாம் என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த ஒரு வரி இல்லாததால் சப்பென்று முடிந்த கடைசிச் சண்டைகள் ஏராளம்.

மன்னார்குடி: நான் டிஎம். மூணு வருஷமா ஓடுற கதை. புது நூலை அனுமதிச்சா யாருக்கு அதிக லாபம்?

விசர்டுக்கு (ஏட்டைப் படித்து மந்திரம் கற்பவர்) என்று எல்லாரும் நினைப்பார்கள். உண்மையில் கிளெரிக்குக்கும் (பூசாரி) டுரூயிடுக்கும்தான் (இயற்கையை வழிபடுபவர்). அவர்கள் தங்கள் வகுப்பின் (பாத்திர வகையின்) முழுப் பட்டியலிலிருந்தும் தினமும் தேர்ந்து தயாரிப்பவர்கள். நூலில் கிளெரிக் பட்டியலில் பன்னிரண்டு மந்திரம் இருந்தால் மறுநாள் காலை பன்னிரண்டும் இலவசமாக அவர் கையில்.

விசர்ட் அப்படியில்லை. லெவல் ஏறும்போது இரண்டு கிடைக்கும். மற்றதை எங்காவது கண்டெடுத்து, ஒவ்வொரு படிக்கும் 2 மணி நேரமும் 50 கோல்டும் செலவழித்துத் தன் ஏட்டில் பிரதியெடுக்க வேண்டும். மூன்றாம் படி மந்திரம் ஒன்றுக்கு 6 மணி நேரம், 150 கோல்டு. பத்து மந்திரம் என்றால் 60 மணி நேரம், 1,500 கோல்டு. இந்தத் தடுப்பு ஏற்கெனவே விதியில் இருப்பதால் விசர்டைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். சார்சரர் (பிறவியிலேயே மந்திரம் வாய்த்தவர்) லெவல் ஏறும்போது ஒன்றிரண்டு கற்பார், பழையதில் ஒன்றை மாற்றிக்கொள்வார், அவ்வளவுதான்.

எளிய வழி: கிளெரிக்குக்கும் டுரூயிடுக்கும் விசர்டின் விலையில் கொஞ்சத்தையாவது கதையில் வையுங்கள். புது மந்திரம் ஒவ்வொன்றும் ஒரு கோயிலிலோ ஒரு தோப்பிலோ கற்றால்தான் பட்டியலில் சேரும் என்று சொல்லிவிடுங்கள். ஒரு லெவலுக்கு இரண்டு போதும். ஆனால் இதைப் புத்தகம் வருமுன் சொல்ல வேண்டும். வந்தபின் சொன்னால் சண்டை வரும்.

தஞ்சாவூர்: ஸ்லாட்டை எடுத்துட்டு பாயின்ட் முறை வரணும்னு எங்க குழுவுல ஆசைப்படறாங்க சார். அதுல என்ன தப்பு?

பாயின்ட் முறை புதிதல்ல, 2014 கையேட்டிலேயே மாற்று விதியாக இருக்கிறது. 5 லெவல் விசர்டுக்கு 27 பாயின்ட். முதல் படிக்கு 2, இரண்டாம் படிக்கு 3, மூன்றாம் படிக்கு 5. ஸ்லாட் முறையில் அதே ஆளுக்கு 4, 3, 2 ஸ்லாட். பெருக்கிப் பாருங்கள்: 8, 9, 10, கூட்டினால் அதே 27. கணக்கு கச்சிதம், ஆட்டம்தான் கெடுகிறது.

ஸ்லாட் என்பது முறைப்பாசனம் மாதிரி. வெண்ணாற்றுக்கு இத்தனை நாள், கல்லணைக் கால்வாய்க்கு இத்தனை நாள் என்று முறை வைத்தால்தான் கடைமடை வரை ஈரம் போகும். பாயின்ட் முறையில் தலைமடைக்காரர் முழு மடையையும் தன் வயலுக்குத் திறந்துகொள்கிறார். 27 பாயின்ட்டில் ஐந்து ஃபயர்பால் போய்விடும். ஸ்லாட் முறையில் இரண்டுதான். முதல் சண்டையிலேயே ஐந்தையும் வீசிவிட்டு ‘படுத்துத் தூங்கலாம், எல்லாம் திரும்ப வந்துவிடும்’ என்பார்கள். அதுதான் இதில் நடக்கும் கோளாறு.

ஒரு நாளில் நாலைந்து சண்டை வைக்கிற குழுவானால் ஓரளவு தாங்கும். ஒரே சண்டை வைக்கிற குழுவில் கட்டாயம் தவிர்க்கவும். ஆறாம் படியிலிருந்து ஒவ்வொரு படியிலும் ஒரு நீண்ட ஓய்வுக்கு ஒன்றுதான் என்று அந்த மாற்று விதியே கட்டுப்படுத்துகிறது. நீங்கள் மூன்றாம் படியிலிருந்தே ‘ஒரு படிக்கு மூன்று தடவைக்கு மேல் கிடையாது’ என்று வைத்துப் பாருங்கள்.

நாகப்பட்டினம்: கான்சன்ட்ரேஷன் எப்பப் பார்த்தாலும் உடைஞ்சிடுது. புது நூல்ல அந்த மாதிரி மந்திரம் வந்தா எடுக்கவே கூடாதா?

எடுக்கலாம், கணக்குப் போட்டு எடுங்கள். அடி விழுந்தால் கான்ஸ்டிட்யூஷன் (உடல் தாங்குதிறன்) சேவ் போட வேண்டும். அதன் டிசி (எட்ட வேண்டிய எண்) 10, அல்லது விழுந்த சேதத்தில் பாதி, எது பெரியதோ அது. கான்ஸ்டிட்யூஷன் கூட்டல் 2 என்றால் டிசி 10-ஐ எட்ட 65 சதவீத வாய்ப்பு. ஒரு சுற்றில் மூன்று அடி விழுந்தால் மூன்றையும் தாண்டுவது வெறும் 27 சதவீதம். கூட்டல் 5 இருந்தால் ஒரு அடிக்கு 80, மூன்றுக்கு 51.

பெரும்பாலும் உடைவதற்குக் காரணம் பகடை அல்ல, நிற்கிற இடம். 60 அடி எட்டுகிற மந்திரத்தை 15 அடியில் நின்று போடுவார்கள். போட்டுவிட்டுத் தூணுக்குப் பின்னால் நகருங்கள்.

பட்டுக்கோட்டை: சேவ்ல ஒண்ணு விழுந்தா தானா தோல்வியா?

இல்லை. 1 என்றால் தானாகத் தவறுவது தாக்குதல் பகடைக்கு மட்டும். சேவில் 1 விழுந்தாலும் கூட்டலைச் சேர்த்து டிசியை எட்டினால் தப்பித்தீர்கள். சாகும் தறுவாயில் போடும் டெத் சேவில் மட்டும் 1 விழுந்தால் இரண்டு தோல்வியாகக் கணக்கு. தாயக்கட்டையில் ஒன்று விழாமல் காய் இறங்காது, இங்கே ஒன்றைக் கண்டால் எல்லாரும் நடுங்குகிறார்கள். பழக்க தோஷம்.

மயிலாடுதுறை: எங்ககிட்ட கட்டம் போட்ட விரிப்பு கிடையாது அண்ணே. பரப்பு மந்திரத்தை எப்படி அளக்கறது?

சிமென்ட் தரையும் சாக்பீஸும் போதும். 1 அங்குலம் என்பது 5 அடி. அங்குல இடைவெளியில் புள்ளி வையுங்கள், ஒரு புள்ளி ஒரு ஆள் நிற்கிற இடம். நேர்ப்புள்ளியாக வைக்க வேண்டும். ஊடுபுள்ளி வைத்தால் அது அறுகோணக் கட்டமாகிவிடும், தூரக் கணக்கு மாறும். ஃபயர்பாலின் ஆரம் 20 அடி, விட்டம் 40 அடி, அதாவது தரையில் 8 அங்குலம். எட்டங்குல டிபன் தட்டு ஒன்றைக் கவிழ்த்தால் வேலை முடிந்தது, உள்ளே அகப்பட்ட புள்ளியெல்லாம் வெந்தது. கூம்பு என்றால் முறத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நுனியிலிருந்து எவ்வளவு தூரமோ அந்த இடத்தில் அவ்வளவே அகலம்.

தஞ்சாவூர்: பாதிப் பேர் 2014 விதி, பாதிப் பேர் 2024 விதி. புது நூல் வந்தா இன்னும் குழம்புமே?

குழம்பும், 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு விதி, 2024-ல் திருத்திய விதி, இரண்டில் ஒன்றை இப்போதே தேர்ந்துவிடுங்கள். பெயர் ஒன்றாக இருந்து வேலை வேறாக இருப்பவைதான் ஆபத்து. கவுன்டர்ஸ்பெல் (எதிரியின் மந்திரத்தை முறிப்பது): 2014-ல் மூன்றாம் படி வரை தானாக முறியும், அதற்கு மேல் பகடை போட வேண்டும். 2024-ல் முறிக்கப்படும் மந்திரத்தைப் போடுகிறவர் கான்ஸ்டிட்யூஷன் சேவ் போடுகிறார். தோற்றால் ஆக்‌ஷன் வீண், ஸ்லாட் மட்டும் மிஞ்சும். கியூர் வூண்ட்ஸ் (காயம் ஆற்றுவது) முன்பு 1டி8, இப்போது 2டி8. கான்ஜ்யூர் அனிமல்ஸ் முன்பு எட்டு மிருகம் வரை இறக்கும், மேசையில் அரைமணி நேரம் அவற்றின் பகடைக்கே போகும். 2024-ல் அது ஒரே ஆவிக்கூட்டம்.

இன்னொன்று: 2024-ல் ஒரு திருப்பத்தில் ஸ்லாட் செலவழித்து ஒரே மந்திரம்தான். பழைய விதி வேறு மாதிரி. போனஸ் ஆக்‌ஷனில் மந்திரம் போட்டால் அதே திருப்பத்தில் கேன்ட்ரிப் (ஸ்லாட் கேட்காத சிறு மந்திரம்) மட்டுமே. புது நூலின் போனஸ் ஆக்‌ஷன் மந்திரங்களை எந்த விதியை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார்கள் என்பதை முன்னுரையில் பார்த்துவிட்டு அனுமதியுங்கள். முன்னுரையை யாரும் படிப்பதில்லை, தகராறில் பாதி அங்கே தொடங்குகிறது.

திருவாரூர்: மந்திரங்களைத் தமிழில் எழுதி அட்டை அடிக்கலாமா? தங்கச்சி, மச்சான் எல்லாம் ஆட வர்றாங்க, இங்கிலீஷ் விதி அவங்களுக்கு ஓடலை.

அடிப்படை விதிகளின் தொகுப்பு 5.1 ஜனவரி 2023-லும், 5.2 ஏப்ரல் 2025-லும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியாகின. அதிலுள்ள மந்திரங்களை மூலத்தைக் குறிப்பிட்டுத் தாராளமாகத் தமிழாக்கலாம், பகிரலாம். வரப்போகும் துணைநூலுக்கு அந்த அனுமதி தானாக வராது. உங்கள் மேசைக்கு மட்டும் குறிப்பெடுத்துக்கொள்ளுங்கள்.

மொழிபெயர்ப்பில் சறுக்குவது இரண்டு இடங்களில். ஆங்கிலத்தில் ஆளுக்கும் மந்திரத்துக்கும் ‘லெவல்’ என்ற ஒரே சொல்தான், 5 லெவல் விசர்ட் ஏன் 5 லெவல் மந்திரம் போட முடியாது என்று புதியவர்கள் திணறுவது அதனால்தான். தமிழில் மந்திரத்துக்குப் ‘படி’ என்று பிரித்துவிட்டால் அந்தக் கேள்வியே எழாது. அடுத்தது, ‘சேவ்’, ‘ஆர்மர் கிளாஸ்’ (தாக்குதல் படாமல் காக்கும் எண்) இரண்டையும் ‘தடுப்பு’ என்று எழுதுவது. சேவ், ஸ்லாட், கான்சன்ட்ரேஷன் மூன்றையும் அப்படியே விடுங்கள், வர்ணனையைத் தமிழில் எழுதுங்கள்.

திருவையாறு: எங்க கதை கல்லணைக்குக் கீழே நடக்குது. மடை திறந்து வெள்ளம் விடுற மந்திரம் ஒண்ணு வேணும். நூல் வர்ற வரைக்கும் நாங்களே எழுதலாமா?

எழுதுங்கள். இரண்டாம் படி, ஒரு ஆக்‌ஷன், எட்டும் தூரம் 60 அடி, கான்சன்ட்ரேஷன் வேண்டாம். 30 அடி நீளம், 5 அடி அகலக் கோட்டில் நிற்பவர் எல்லாரும் ஸ்ட்ரெங்த் (உடல்பலம்) சேவ். பட்டியல்படி பலர் மேல் படும் இரண்டாம் படிக்கு 4டி6. நீங்கள் கூடவே தள்ளவும் போகிறீர்கள் என்பதால் ஒரு பகடை குறைத்து 3டி6, சராசரி 10.5. சேவில் தோற்றால் 10 அடி தள்ளப்படுவார், தாண்டினால் பாதிச் சேதம், தள்ளல் இல்லை. உயர்ந்த படி ஸ்லாட்டில் போட்டால் படிக்கு 1டி6 கூடுதல்.

விலை ஒன்று கட்டாயம்: கோட்டின் தொடக்கம் ஓடுகிற தண்ணீரிலோ அதன் கரையிலோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெண்ணாற்றங்கரைக்கு எழுதின மந்திரத்தைப் பாலைவனத்தில் போடுவார்கள். தள்ளும் தூரத்தை 30 அடியாக்க ஆசை வரும், வேண்டாம். கரை உயரமாக இருக்கும் இடத்தில் தள்ளல் என்றால் கூடவே விழுந்த சேதமும் வரும், 10 அடிக்கு 1டி6.

மன்னார்குடி, மறுபடியும்: சரி, அனுமதிச்சாச்சு. எப்படி சோதிச்சுப் பார்க்கறது?

கதைக்கு வெளியே ஒரு மாலை. 5 லெவல் ஆட்கள் நால்வர், ஒரே எதிரிக் கூட்டம், அதே இடம். முதலில் பழைய மந்திரங்களோடு, பிறகு சந்தேகப்படும் புது மந்திரத்தோடு. மூன்றை எண்ணுங்கள்: சண்டை எத்தனை சுற்றில் முடிந்தது, எதிரிகள் எத்தனை திருப்பம் இழந்தார்கள், கடிகாரத்தில் எத்தனை நிமிடம் ஆனது. ஐந்து சுற்றுச் சண்டை நான்கில் முடிந்தால் பரவாயில்லை. இரண்டில் முடிந்தால் அந்த மந்திரத்தை ஒரு படி மேலே ஏற்றிவிட்டு மறுபடி ஆடுங்கள்.

கும்பகோணம்: செத்த ஆளை எழுப்புற ரிவிவிஃபைக்கு வைரம் நிஜமா பையில இருக்கணுமா அண்ணே? காம்போனென்ட் பை இருக்கே?

மந்திரத்துக்கு வேண்டிய பொருள்களில் விலை எழுதாதவற்றுக்குத்தான் அந்தப் பை. 300 கோல்டு வைரம் என்று எழுதியிருந்தால் வைரம் இருந்தே ஆக வேண்டும், போட்டதும் தீர்ந்தும் போகும். ஆள் செத்து ஒரு நிமிடத்துக்குள் போட வேண்டும், பத்து சுற்று. புது நூலிலும் பொருள் வரியில் கோல்டு எண் தெரிந்தால் அதைத் தனியாக எழுதி வையுங்கள், கடைத்தெருவுக்குப் போகிற நாளில் கேட்பார்கள்.