வைஃபை வரும் மடிக்கணினியிலிருந்து கேபிள் வழியாக மேசைக்கணினிக்கு இணையம் கொடுக்க முடியுமா?

முடியும். தனி மென்பொருள் எதுவும் வேண்டாம். உங்கள் மேசைக்கணினியில் வைஃபை கிடையாது, ரூட்டர் வேறு அறையில் இருக்கிறது, மடிக்கணினி மட்டும் பக்கத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

'சில நூறு ரூபாய்க்கு யூஎஸ்பி வைஃபை வாங்கிச் செருகுங்கள்' என்று யாராவது வந்து எழுதுவார்கள். வாங்க நினைப்பவர்கள் வாங்கட்டும். கேட்டவர் கேபிளைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்.

என் மனைவி வீட்டிலிருந்தே டி.டி.பி. வேலை செய்கிறார். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், காதுகுத்து அழைப்பிதழ் எல்லாம் பழைய விண்டோஸ் 7 கணினியில்தான். பழைய எழுத்துருக்களும் பேஜ்மேக்கர் கோப்புகளும் அதில்தான் இருக்கின்றன. முகூர்த்த மாதங்களில் ஒவ்வொரு கோப்பையும் பென்டிரைவில் மடிக்கணினிக்கு மாற்றி அச்சகத்துக்கு அனுப்புவார். மாப்பிள்ளை வீட்டார் தாய்மாமன் பெயரில் ஓர் எழுத்தைத் திருத்தச் சொன்னால் மறுபடியும் அதே வேலை. 'இந்தப் பெட்டியைத் தூக்கிப் போடுங்கள்' என்றார் ஒரு கடைக்காரர். எங்கள் வீட்டு வாடகையே அந்தப் பெட்டியில்தான் வருகிறது! விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது எனக்கும் தெரியும். அதில் வங்கி வேலை எதுவும் செய்வதில்லை, கோப்பு அனுப்புவதோடு சரி.

ரூட்டரிலிருந்தே கேபிள் இழுத்திருக்கலாம். சுவரில் ஒரு துளை போட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. பல மாத வாடகையை முன்பணமாக வாங்கி வைத்திருக்கிறார், காலி செய்யும்போது வெள்ளையடிக்கும் செலவையும் அதில்தான் பிடிப்பார். பிறகு விரல் நுழையாத ஒரு துளைக்கு ஏன் இத்தனை மறுப்பு? வாடகைக்கு இருப்பவன் ஆணி அடிக்கவும் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

செய்முறைக்கு வருகிறேன். இரண்டு கணினிகளையும் நெட்வொர்க் (லேன்) கேபிளால் இணையுங்கள். இரண்டு கணினிகளை நேரடியாக இணைக்க முன்பு தேவைப்பட்ட கிராஸ் கேபிளைத் தேடி அலைய வேண்டாம், ஜிகாபிட் போர்ட் (வேகமான கேபிள் செருகுமிடம்) இருந்தால் சாதாரண கேபிளே போதும். விண்டோஸ் மடிக்கணினியின் கண்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் கனெக்ஷன்ஸைத் திறந்து, வைஃபை மீது வலது கிளிக் செய்து, ப்ராபர்ட்டீஸில் ஷேரிங் பகுதிக்குப் போய் முதல் கட்டத்தில் டிக் போடுங்கள். எந்த இணைப்புக்கு என்று கேட்டால் ஈதர்நெட்டை, அதாவது கேபிள் இணைப்பைக் காட்டுங்கள். மேசைக்கணினியில் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கணினிக்கும் உள்ள எண்) தானாகப் பெறும்படி விட்டுவிடுங்கள். மடிக்கணினி 192.168.137.1 என்ற முகவரியை எடுத்துக்கொண்டு, மற்றதற்கு அதே வரிசையில் ஓர் எண் கொடுக்கும். மேசைக்கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால் எண் கிடைக்கவில்லை என்று பொருள். டிக்கை எடுத்துவிட்டு மீண்டும் போடுங்கள். மடிக்கணினியை அணைத்துப் போட்ட பிறகு இணையம் வராவிட்டாலும் இதையே செய்யுங்கள்.

வைஃபை, ஈதர்நெட் இரண்டு இணைப்புகளையும் 'பிரிட்ஜ்' செய்யச் (ஒரே நெட்வொர்க்காகச் சேர்க்கச்) சொல்பவர்களை நம்பாதீர்கள். வைஃபை ரூட்டர் தன்னிடம் பதிவான கருவியின் வன்பொருள் முகவரியிலிருந்து (மேக் முகவரி, ஐபி அல்ல) வருவதை மட்டுமே ஏற்கும். பின்னால் இருக்கும் மேசைக்கணினியின் முகவரி அதற்குத் தெரியாது என்பதால் பெரும்பாலும் வேலை செய்யாது.

மடிக்கணினி உறக்க நிலைக்குப் போனால் இணையமும் நின்றுவிடும். பவர் ஆப்ஷன்ஸில் அதை மாற்றி வையுங்கள்.