முதுகு காட்டி நிற்கும் வீனஸ்: அப்பா விட்டுச்சென்ற ரோமானியக் காசு

கேள்வி: அப்பாவின் நாணயத் தொகுப்பில் ஒரு சிறிய வெள்ளிக்காசு இருக்கிறது. ஒருபுறம் கூந்தலை அலையலையாக வாரிக் கொண்டை போட்ட பெண்ணின் தலை. மறுபுறம் தூணில் சாய்ந்து முதுகு காட்டி நிற்கும் பெண். யார் இவர்கள்? காசு அசல்தானா? கறுத்திருப்பதால் தேய்த்துச் சுத்தம் செய்யலாமா?

பதில்: தயவுசெய்து தேய்க்காதீர்கள். விபூதி, புளி, பற்பசை எதுவும் வேண்டாம். கறுப்போடு சேர்ந்து கூந்தலின் மெல்லிய கோடுகளும் போய்விடும். காசின் மதிப்பும் போய்விடும்.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் ரோமப் பேரரசர் செப்டிமியஸ் செவரஸின் மனைவி ஜூலியா டோம்னாவின் தெனாரியஸுக்கு, அதாவது ரோமானிய வெள்ளிக்காசுக்கு, பொருந்துகின்றன. சிரியாவின் எமெசாவில், இன்றைய ஹோம்ஸில், பூசாரி குடும்பத்தில் பிறந்தவர் அவர். மறுபுறம் நிற்பவள் ரோமானியர்களின் காதல் தெய்வமான வீனஸ். அவள் கையில் சின்ன உருண்டை ஒன்று தெரிகிறதா? புராணக் கதையில் வரும் தெய்வ அழகிகளின் போட்டியில் டிராய் இளவரசன் பாரிஸ் அவளுக்குக் கொடுத்த ஆப்பிள் அது. இன்னொரு கையில் இருப்பது வெற்றிக்கு அடையாளமான ஈச்ச ஓலை. சுற்றிலும் 'வெனேரி விக்டர்', அதாவது வெற்றி தரும் வீனஸுக்கு, என்று பொறித்திருக்கும். கி.பி. 193-இல் அரியணைக்காக மூண்ட உள்நாட்டுப் போரில் செவரஸ் எதிரிகளை ஒவ்வொருவராக வீழ்த்திக்கொண்டிருந்த நேரம் அது. அரசியின் காசும் அந்த வெற்றியைத்தான் ஊருக்குச் சொன்னது.

இக்காசுகளில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், பெயரைப் படித்தாலே காலம் தெரிந்துவிடும் என்பது. தலையைச் சுற்றி 'யூலியா டோம்னா அவ்க்' ('அவ்க்' என்பது பேரரசியைக் குறிக்கும் 'அவ்குஸ்டா'வின் சுருக்கம்) என்றிருந்தால் 193 முதல் 196 வரை. 'யூலியா அவ்குஸ்டா' என்றால் 196 முதல் 211 வரை. 'யூலியா பியா ஃபெலிக்ஸ்' என்றால் கணவர் இறந்து மகன் காரகல்லா ஆண்ட காலம். உங்கள் வீனஸ் முதல் வகையோடு வருபவள்.

அசலா என்று பார்க்க நகைக்கடைக்குப் போய் உரைகல்லில் உரைக்காதீர்கள். காசு தேய்வதுதான் மிச்சம். செவரஸ் காலத்தில் தெனாரியஸில் வெள்ளி ஏறத்தாழப் பாதியளவுக்கு இறங்கிவிட்டதால் 'மட்ட வெள்ளி' என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக எடை போடுங்கள்: சுமார் 3 கிராம் இருக்க வேண்டும். குறுக்களவு 17 முதல் 19 மில்லிமீட்டர். பூதக்கண்ணாடியில் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். அச்சடிக்கும்போது விழுந்த சிறு வெடிப்பு இருந்தால் பயப்பட வேண்டாம். விளிம்பு நெடுக ஒட்டுக்கோடோ, பரப்பில் குமிழிப் பள்ளங்களோ இருந்தால் அது வார்ப்புப் போலியாக இருக்கலாம். முகவெட்டு சற்று முரடாக இருப்பதை மட்டும் வைத்துப் போலி என்று ஒதுக்காதீர்கள். கிழக்கு மாகாண அச்சகங்களின் காசுகள் அப்படித்தான் இருக்கும்.