மரத்தளம் கழுவ 200 பார் எதற்கு?

கேள்வி: வீட்டின் பின்பக்கம் மரப்பலகை பதித்த திறந்த தளம் இருக்கிறது. சுமார் 20 சதுர மீட்டர். வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிட்டது, நிழல் விழும் மூலையில் பாசி. இதைக் கழுவவும், கார், சிமென்ட் நடைபாதை போன்றவற்றுக்கும் ஒரு பிரஷர் வாஷர் (நீரை அழுத்தத்தோடு பீய்ச்சிக் கழுவும் இயந்திரம்) வாங்க விரும்புகிறோம். நீரின் அழுத்தம் 200 பாருக்குக் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) குறைந்தால் பணம் வீண் என்கிறார் விற்பனையாளர். 110 பார் இயந்திரம் பாதி விலையில் இருக்கிறது. எதை வாங்குவது?

பதில்: 110 பார் போதும். உங்கள் மரத்துக்கு அதுவே அதிகம், குறைத்துத்தான் பயன்படுத்த வேண்டும்.

பைன் போன்ற மென்மரத்துக்கு 35 முதல் 40 பார் வரை போதும். தேக்கு போன்ற கடினமரம் 70, 80 பார் வரை தாங்கும். ஒரு பலகையை உற்றுப் பாருங்கள், வெளிர் கோடும் கரும் கோடும் மாறி மாறி ஓடும். வெளிர் பகுதி மென்மையானது, கரும் பகுதி கெட்டியானது. அழுத்தம் மிஞ்சினால் நீர் மென்மையான பகுதியை மட்டும் அரித்தெடுத்துவிடும். கழுவும்போது பளிச்சென்று தெரியும். காய்ந்ததும் வரிவரியாகப் பள்ளம் விழுந்து, நார் நாராக எழுந்து நிற்கும். வெறுங்காலில் நடந்தால் சிலாம்பு ஏறும். அப்புறம் தளம் முழுவதையும் மணல்தாள் போட்டுத் தேய்க்காமல் சரியாகாது. 200 பார் விற்றவர் அதற்கு வரமாட்டார்.

சாம்பல் நிறம் அழுக்கு அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெயில் பட்டு, மரநார்களைப் பிணைக்கும் லிக்னின் சிதைந்ததால் வரும் நிறம் அது. முதல் நாள் சோடியம் பெர்கார்பனேட் கலந்த மரத்தளக் கழுவியைத் தடவி, கால் மணி நேரம் காயாமல் ஊறவிட்டு, பிரஷால் தேய்த்துப் பாருங்கள். பாசியும் சாம்பலும் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும். மிச்சத்தை அலசி எடுக்கத்தான் இயந்திரம்.

தளத்தில் வேலை செய்யும்போது பாரைவிட நாசிலும் (நீர் பீய்ச்சும் முனை) தூரமும் முக்கியம். 25 டிகிரி விசிறி நாசிலை 30 செ.மீ. தள்ளிப் பிடித்தால் நீர் சுமார் 13 செ.மீ. அகலத்தில் விழும். 10 செ.மீ.க்குக் கிட்டே கொண்டுபோனால் அதே நீர் நாலரை செ.மீ.யில் குவிந்துவிடும். இயந்திரம் மாறவில்லை, மரத்தின் மேல் விழும் அடி மூன்று மடங்காகிறது. ஆகவே 25 அல்லது 40 டிகிரி நாசில், 30 செ.மீ. தூரம், பலகையின் ரேகையோடு ஒரே சீரான இழுப்பு. நாசில்கள் நிறம் பிரித்து வந்தால் பெரும்பாலும் சிவப்பு 0 டிகிரி, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40. சிவப்பையும், சுழன்றடிக்கும் டர்போ நாசிலையும் மரத்துக்கும் காருக்கும் எடுக்கவே வேண்டாம். சிமென்ட் நடைபாதைக்கு டர்போ நன்றாக வேலை செய்யும்.

இனி அந்த 200 பார் விஷயம். இதைப் பற்றி எழுதி எழுதி எனக்கு அலுத்துவிட்டது, ஆனாலும் மாதம் தவறாமல் யாராவது ஏமாந்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் உச்ச அழுத்தம். பம்ப் வெடிக்காமல் தாங்கக்கூடிய அளவு, அல்லது நீர் பீய்ச்சும் துப்பாக்கியின் விசையை விடும் நொடியில் எகிறும் அளவு. நீங்கள் கழுவும்போது கிடைப்பது அதுவல்ல. அதற்கு 'வேலை அழுத்தம்' என்று தனி எண் உண்டு. அது இயந்திரத்தின் அடியில் ஒட்டிய தகட்டில் பொடி எழுத்தில் இருக்கும். சில இயந்திரங்களில் அதுவும் பொய்.

பொய்யா மெய்யா என்று பார்க்க ஒரு கணக்கு போதும். பார் எண்ணை, மணிக்கு எத்தனை லிட்டர் என்ற எண்ணால் பெருக்கி, 36ஆல் வகுங்கள். வருவது, அந்த நீரை அந்த அழுத்தத்தில் தள்ளத் தேவையான வாட். உங்கள் விற்பனையாளரின் இயந்திரம் 200 பார், மணிக்கு 500 லிட்டர், 1,800 வாட் என்று சொல்கிறது என வைத்துக்கொள்வோம். 200 × 500 ÷ 36 = சுமார் 2,780. வாங்கும் மின்சாரமோ 1,800 வாட். வாங்கியதைவிட அதிகமாகக் கொடுக்கும் மோட்டார் உலகத்தில் கிடையாது. இரண்டில் ஓர் எண்ணாவது பொய். வேலை அழுத்தம் 90 பார், மணிக்கு 360 லிட்டர், 1,500 வாட் என்று ஒரு தகடு சொன்னால், கணக்கு 900 வாட் தருகிறது. மின்சாரத்தில் 60 சதவீதம் நீரில் இறங்குகிறது, மீதி மோட்டாரிலும் பம்பிலும் சூடாகப் போகிறது. இது நம்பக்கூடிய கணக்கு.

இந்த இயந்திரங்களுக்கென்றே ஐ.இ.சி. 60335-2-79 என்ற பன்னாட்டுப் பாதுகாப்புத் தரம் இருக்கிறது. வேலை அழுத்தம் வேறு, அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் வேறு என்று அது தெளிவாகப் பிரிக்கிறது. பிரித்து என்ன பயன்? பெட்டியின் முகப்பில் பெரிய எண்ணைப் போடுவதை யாரும் தட்டிக்கேட்பதில்லை. உணவுப் பொட்டலத்தில் எடை குறைந்தால் கேட்க ஆள் இருக்கிறது. பாதி அழுத்தம் காணாமல் போனால் வாங்கியவர் தலையெழுத்து என்று விட்டுவிடுகிறார்கள். இது எனக்குப் பொறுக்கவே இல்லை.

இன்னொன்று: அழுக்கைப் பெயர்த்து அடித்துச் செல்வதில் நீரின் அளவுக்குத்தான் பங்கு அதிகம். நீர் இரட்டித்தால் தாக்கம் இரட்டிக்கும். அழுத்தத்தால் அதே பலன் வேண்டுமென்றால் நான்கு மடங்கு ஏற்ற வேண்டும். ஆகவே 110 பார் இயந்திரங்கள் இரண்டு எதிரில் இருந்தால், லிட்டர் அதிகம் கொடுப்பதை எடுங்கள். வாரம் தவறாமல் பயன்படுத்துவதாக இருந்தால் மட்டும் இண்டக்‌ஷன் மோட்டாரைப் பாருங்கள். கனம் அதிகம், சத்தம் குறைவு, நீண்ட நாள் உழைக்கும். வருடத்தில் நாலைந்து முறைக்குக் கார்பன் பிரஷ் மோட்டாரே போதும். விசையை விட்டதும் மோட்டார் தானாக நிற்கும் வசதி இருக்க வேண்டும்.

அடுத்த பொறி உதிரிபாகம். ஒரே தொழிற்சாலை இயந்திரத்தைப் பத்துப் பேர் பத்துப் பெயர் ஒட்டி விற்கிறார்கள். அடுத்த வருடம் அந்தப் பெயரே இருக்காது. பழுதுக்கு வருவதில் பெரும்பாலானவற்றில் போயிருப்பது ஒரு ஓ-ரிங்கோ (ரப்பர் வளையம்), பம்பில் நீர் கசியாமல் அடைக்கும் சீலோதான். அதுதான் கிடைக்காது. உத்தரவாத அட்டையைப் புரட்டினால் சீல், ஹோஸ், நாசில் எல்லாம் 'தேய்மானப் பொருள், பொருந்தாது' என்று இருக்கும். பணம் கொடுக்குமுன் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்த மாடலுக்கு சீல் செட் தனியாகத் தருவீர்களா?" பதில் சுற்றி வளைத்து வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். கூடுதல் ஹோஸ் வாங்கும்போதும் கவனம். எம் 22 என்ற திருகு இணைப்பில் உள்துளை 14 மி.மீ., 15 மி.மீ. என இரண்டு வகை உண்டு. மரை இரண்டுக்கும் ஒன்றே, அதனால் மாற்றிப் போட்டாலும் ஏறிவிடும். ஆனால் ஒழுகும், அல்லது ஏறவேண்டியது பாதியில் முட்டிக்கொள்ளும். பழைய ஹோஸைக் கையில் எடுத்துப்போய் அளந்து வாங்குங்கள்.

தண்ணீர் இணைப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் வீண். இயந்திரம் மணிக்கு 360 லிட்டர் தள்ளினால், உங்கள் குழாய் அதைவிட அதிகம் கொடுக்க வேண்டும். குழாயைத் திறந்து 10 லிட்டர் வாளியை நிரப்பிப் பாருங்கள். ஒன்றே கால் நிமிடத்துக்குள் நிறைந்தால் நல்லது. இரண்டு நிமிடம் ஆனால் பம்ப் நீருக்கு ஏங்கி, உள்ளே குமிழி வெடித்து, கரகரவென்று சத்தம் போட்டுக் கெடும். மேல்தொட்டியிலிருந்து வரும் நீர் என்றால் 10 மீட்டர் உயரத்துக்குத்தான் 1 பார் அழுத்தம் கிடைக்கும்.

குழாய் போதாதவர்களுக்கு ஒரு விலக்கு உண்டு. வாளியிலிருந்து தானே உறிஞ்சும் இயந்திரங்கள். 'உறிஞ்சும்' என்று கையேட்டில் எழுதியிருந்தால் மட்டுமே இது நடக்கும், விற்பவர் வாய்ச்சொல் செல்லாது. எழுதியிருந்தாலும் நாலு விஷயம் சரியாக இருக்க வேண்டும். உறிஞ்சும் ஹோஸ் விறைப்பானதாக இருக்கட்டும், தோட்டத்து ஹோஸ் உறிஞ்சலில் ஒட்டிக்கொண்டு அடைத்துவிடும். நுனியில் வடிகட்டி வேண்டும், ஒரு மணல் துகள் போதும் வால்வைக் கெடுக்க. நீர்மட்டம் பம்புக்கு மேலே இருந்தால் நல்லது, கீழே என்றால் அரை மீட்டருக்கு மேல் போக வேண்டாம். ஹோஸை முழுக்க நீரில் அமுக்கி நிரப்பி மாட்டி, துப்பாக்கியில் நாசிலைக் கழற்றிவிட்டு விசையை அழுத்தி, காற்றெல்லாம் போய் நீர் சீராக வந்த பிறகே நாசிலைப் பொருத்துங்கள். இணைப்பில் மயிரிழை காற்று புகுந்தாலும் அழுத்தம் ஏறி ஏறி இறங்கும். பலர் இதைப் பார்த்துத்தான் இயந்திரமே கோளாறு என்று திருப்பி அனுப்புகிறார்கள். நிமிடத்துக்கு 6 லிட்டர் வீதம் 15 லிட்டர் வாளி இரண்டரை நிமிடத்தில் காலி. உங்கள் தளத்துக்குப் பெரிய பீப்பாய் வேண்டும், பக்கத்தில் அதைக் கண்காணிக்க ஓர் ஆளும் வேண்டும்.

எக்ஸ்டென்ஷன் ஒயரைக் கூடியவரை தவிருங்கள், தண்ணீர் ஹோஸை நீட்டிக்கொள்ளலாம். தவிர்க்க முடியாவிட்டால் தடித்த ஒயர், முழுக்கச் சுருள் பிரித்து, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் உள்ள இணைப்பில் போடுங்கள். பிளீச்சிங் திரவத்தை இயந்திரத்தின் வழியே விடாதீர்கள், அது சீலைத் தின்றுவிடும்.

செருப்புப் போதாது, மூடிய பூட்ஸும் கண்ணாடியும் போடுங்கள். நீரை விளையாட்டுக்கும் யார் மேலும் திருப்ப வேண்டாம், குழந்தைகளின் கால் சேற்றைக் கழுவக்கூட. கிட்டத்தில் இந்த நீர் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே சதை கிழிந்து அழுக்கு நீர் பரவியிருக்கும். அப்படி ஆனால் களிம்பு தடவிக் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போய், "உயர் அழுத்த நீர் உள்ளே பாய்ந்த காயம்" என்று சொல்லுங்கள். அந்தச் சொற்களைச் சொன்னால்தான் சின்னக் கீறல் என்று கட்டுப்போட்டு அனுப்பாமல் அறுவை மருத்துவரைக் கூப்பிடுவார்கள்.