அலையில் எதை மிச்சம் வைப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடலலைகளைப் புகைப்படம் எடுத்து, கணினியில் திருத்தி, அரூபப் படங்களாக மாற்றும் முயற்சியில் சில காலமாக ஈடுபட்டிருக்கிறேன். மூன்று படங்களை இத்துடன் அனுப்புகிறேன். புகைப்படம் எடுக்கும் நண்பர்கள், 'இது புகைப்படமே இல்லை, மென்பொருள் செய்த வேலை' என்கிறார்கள். ஓவியம் வரையும் நண்பர் ஒருவர், 'அழகாக இருக்கிறது, ஆனால் இதில் உன் கை எங்கே?' என்று கேட்டார். எனக்கும் ஒரு தடுமாற்றம் உண்டு. எந்தக் கருவியைத் தொட்டாலும் ஏதோ ஓர் அழகு வந்துவிடுகிறது. எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. முதல் படம்தான் எல்லோருக்கும் பிடித்திருந்தது. மூன்றாவதை யாரும் கண்டுகொள்ளவில்லை. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
வ.

அன்புள்ள வ.,

மூன்று படங்களையும் பெரிதாக்கி நிதானமாகப் பார்த்தேன். யாரும் கண்டுகொள்ளாத அந்த மூன்றாவது படம்தான் நல்ல படம். அது ஏன் என்று சொல்லிவிட்டால் உங்கள் மற்ற கேள்விகளுக்கும் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும்.

அதற்கு முன் 'மென்பொருள் செய்த வேலை' என்ற பேச்சை முடித்துவிடுவோம். கடலைப் படமெடுத்துப் புகழ்பெற்ற முன்னோடிகளில் ஒருவர் பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே. 1856, 1857 ஆண்டுகளில் அவர் உருவாக்கிய கடற்காட்சிகளில் சில, இரண்டு நெகட்டிவ்களை இணைத்து அச்சிட்டவை. அன்று படம் பதியப் பயன்பட்ட, கொலோடியன் என்ற கரைசல் பூசிய கண்ணாடித் தகடு நீல ஒளிக்கு அளவுக்கு மீறி வினைபுரியும். கடல் சரியாகப் பதியும்வரை ஒளியை விட்டால் வானம் வெளிறிப்போகும். எனவே கடலைத் தனியாகவும் வானத்தைத் தனியாகவும் எடுத்து அடிவானத்தில் சேர்த்தார். ஒரே வானத்தை வெவ்வேறு கடல்களுக்கு மேல் வைத்ததும் உண்டு. அவர் இருட்டறையில் செய்ததை நீங்கள் திரையில் செய்கிறீர்கள். ஆனால் அவருக்குத் தான் செய்த ஒவ்வொன்றுக்கும் ஒரு தேவை இருந்தது. உங்கள் முதல் படத்தில் அந்தத் தேவையைத்தான் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்தப் படத்தில் அலையை நடுவில் வெட்டி, ஒரு பாதியை இடவலமாகத் திருப்பி மறுபாதியோடு ஒட்டியிருக்கிறீர்கள். நீலத்தை ஊதாவுக்கு நகர்த்தி, வண்ணச் செறிவை எல்லைவரை ஏற்றியிருக்கிறீர்கள். இடமும் வலமும் ஒத்திருக்கும் உருவத்தில் நம் கண் உடனே முகத்தைத் தேடும். உங்கள் படத்திலும் கண்களும் கொம்புகளுமாக ஒரு முகம் வந்து உட்கார்ந்துவிட்டது. பார்த்தவர்கள் ரசித்தது அதைத்தான். உருவத்தைக் கரைக்கப் புறப்பட்டு, கடலில் இல்லாத வேறொரு உருவத்தைக் கொண்டுவந்துவிட்டீர்கள். கண்ணாடிப் பிரதி உத்தியை அலைப்படங்களில் பயன்படுத்தவே வேண்டாம் என்பது என் எண்ணம். அலை ஒரு திசையில் போகிறது. அந்தத் திசையை அழித்துவிட்டால் அலையில் என்ன இருக்கிறது?

ஒரு சோதனை செய்து பாருங்கள். இந்தப் படத்துக்குச் செய்த அத்தனை மாற்றங்களையும் அதே வரிசையில் ஒரு கசங்கிய துணியின் படத்துக்கும் செய்யுங்கள். கிடைப்பது இதே அளவுக்குக் கவர்ச்சியாக இருந்தால், அழகு முழுவதும் கருவியிலிருந்து வந்திருக்கிறது, அலையிலிருந்து எதுவும் வரவில்லை என்று பொருள். நீங்கள் சொல்லும் 'எதைத் தொட்டாலும் வந்துவிடும் அழகு' இந்த வகையைச் சேர்ந்ததுதான்.

மூன்றாவது படம் இந்தச் சோதனையைத் தாங்கும். அதில் அடிவானம் இல்லை, கரை இல்லை, அளவைக் காட்டிக்கொடுக்கும் பறவையோ படகோ இல்லை. படத்தைத் தொண்ணூறு டிகிரி திருப்பியிருக்கிறீர்கள், வண்ணத்தை முழுவதும் எடுத்துவிட்டீர்கள். கறுப்பின் மேல் இழுபட்டு நீண்ட வெள்ளை இழைகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அவை எங்கிருந்து வந்தன என்று யோசித்தீர்களா? முந்தைய அலை உடைந்து விட்டுச்சென்ற நுரை, நீரின் மேல் வலைப்பின்னலாக மிதக்கிறது. அடுத்த அலை ஆழம் குறைந்த இடத்துக்கு வந்து செங்குத்தாக நிமிரும்போது அந்த நீர் அலையின் முகத்தில் மேல்நோக்கி இழுக்கப்படுகிறது. பின்னலின் ஒவ்வொரு கண்ணும் நீண்டு குறுகி, உச்சியை நெருங்கும்போது வெறும் கோடாகிவிடுகிறது. அலை கவிழ்வதற்குச் சற்று முன் இருக்கும் இழுவிசை அப்படியே அந்தக் கோடுகளில் பதிந்திருக்கிறது. கடலின் தோற்றத்தை எல்லாம் கழித்துவிட்டு விசையை மட்டும் வைத்துக்கொண்டீர்கள். பார்ப்பவருக்கு இது அலை என்று தெரியாமல் போகலாம். ஆனால் ஏதோ ஒன்று பெரும் பாரத்தோடு இழுபடுகிறது என்பதை அவர் உணராமல் இருக்க முடியாது.

ஓவியர்களும் இந்த வழியில் போயிருக்கிறார்கள். டச்சு ஓவியர் மோன்ட்ரியான் 1915-இல், கடலையும் அதற்குள் நீளும் துறையையும் குறுக்கும் நெடுக்குமான சிறு கறுப்புக் கோடுகளாக மட்டும் குறைத்து வரைந்தார். நீர் என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. நீரின் மேல் ஒளி சிதறும் தாளம் இருக்கிறது.

நீங்கள் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிய விதத்தில் மட்டும் ஒரு குறை. மென்பொருளின் பொதுவான பொத்தானை அழுத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நடுச்சாம்பல் நிறம் எங்கும் பரவியிருக்கிறது. வண்ணப்படத்தின் சிவப்பு, பச்சை, நீலச் சானல்களை, அதாவது அந்தந்த நிற ஒளியின் அளவை மட்டும் காட்டும் பதிவுகளை, தனித்தனியாகத் திறந்து பாருங்கள். நீர் சிவப்பு ஒளியை அதிகம் உறிஞ்சிக்கொள்கிறது. நுரையின் குமிழிகளோ எல்லா நிறங்களையும் சிதறடிக்கின்றன. அதனால் சிவப்புச் சானலில் நீர் கறுத்துப்போய், நுரை மட்டும் கூர்மையாக எழுந்து நிற்கும். அலைக்குப் பின்னால் சூரியன் இருக்கும்போது எடுத்த படமாக இருந்தால் பச்சைச் சானலுக்குப் போங்கள். உச்சிக்குக் கீழே நீர் மெலிந்திருக்கும் இடத்தில் ஒளி ஊடுருவி உள்ளிருந்து எரிவது அங்கேதான் தெரியும். நீலச் சானலில் வேறுபாடுகள் குறைந்து எல்லாம் மென்மையாகிவிடும். மேகமூட்டமான நாளின் படங்களுக்கு அது பொருந்தும். ஒரே அலையிலிருந்து மூன்று படங்கள் கிடைக்கின்றன. மூன்றும் நீரும் ஒளியும் நடந்துகொள்ளும் முறையிலிருந்து வருபவை, கருவி வெளியிலிருந்து பூசியவை இல்லை. எனக்கு இந்தக் கலையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். எந்த ஃபில்டரையும் தொடுவதற்கு முன் இங்கே நெடுநேரம் செலவழிக்கலாம்.

அலையின் இன்னொரு பாதி காலம். முக்காலியில் கேமராவை அசையாமல் வைத்து வரிசையாகச் சில படங்கள் எடுத்து, மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக லேயர்களாக அடுக்குங்கள். 'லைட்டன்' முறையில் கலந்தால் நுரை போன தடங்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். இரண்டு படங்களை 'டிஃபரன்ஸ்' முறையில் கலந்தால் அசையாத பாறை கறுப்பில் மறைந்து, நகர்ந்தது மட்டும் எஞ்சும். எடுக்கும்போதே இதன் ஒரு பகுதியைச் செய்துவிடவும் முடியும். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஷட்டர் வேகத்தில் துளிகள் உறைந்து நிற்கும். எட்டில் ஒரு பங்கில் கோடுகளாகும். 30 நொடிகளில் கடல் முழுவதும் புகையாகிவிடும். புகை எளிதில் மயக்கும், ஆனால் எல்லாக் கடலையும் ஒரே கடலாக்கிவிடும். எனக்கு எட்டில் ஒரு பங்கு வேகம்தான் உகந்தது.

உங்கள் இரண்டாவது படத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வண்ணங்கள் அடக்கமாக இருக்கின்றன, அது நல்லது. இருண்ட பகுதியில் நிற மாற்றம் பட்டை பட்டையாக உடைந்திருப்பதைப் பார்த்தால் ஜேபெக் கோப்பைத் திருத்தியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அதில் ஒவ்வொரு சானலுக்கும் 256 படிநிலைகள்தான். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா கோப்பில் 16,384 உண்டு. இவ்வளவு தூரம் இழுக்கப்போகும் படத்தை ராவில் எடுத்து, 16 பிட் முறையிலேயே திருத்துங்கள்.

எங்கே நிறுத்துவது என்று கேட்டிருந்தீர்கள். திருத்தத் தொடங்கும் முன், இந்த அலையில் உங்களைப் பிடித்து நிறுத்தியது எது என்று ஒரு வரி எழுதிவையுங்கள். அது எடையாக இருக்கலாம், வேகமாக இருக்கலாம், உள்ளே எரியும் பச்சையாக இருக்கலாம். வேலை முடிந்ததும் திருத்தங்கள் இருக்கும் லேயர்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எதை அணைத்தும் அந்த வரி பலவீனப்படவில்லையோ அதை நீக்கிவிடுங்கள். பெரும்பாலும் நான்கைந்துக்கு மேல் மிஞ்சாது.

ஓவிய நண்பரின் கேள்வியைத் தட்டிக்கழிக்காதீர்கள். அது நல்ல கேள்வி. ஒளியையும் இருளையும் மாற்றும் கர்வ் என்ற வளைகோட்டை முழுப் படத்துக்கும் ஒன்றாகப் போட்டுவிட்டு எழுந்துவிட்டால் கை அங்கே இல்லைதான். திருத்தம் எந்த இடத்தில் தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் லேயர் மாஸ்க்கைத் திறந்து, சிறிய தூரிகையால் இந்த இழை ஒளிரட்டும், அடுத்தது அடங்கட்டும் என்று ஒவ்வொன்றாக முடிவு செய்துகொண்டே போங்கள். மூன்றாவது படத்தின் வலது ஓரத்தில் நுரை கட்டியாக வெளுத்திருக்கிறது. கண் அங்கேயே நின்றுவிடுகிறது, இழைகளோடு பயணம் செய்ய மறுக்கிறது. அதை அடக்குவதிலிருந்து தொடங்கலாம்.

படத்தின் கீழே 'கடலலைப் புகைப்படத்திலிருந்து உருவாக்கியது' என்று எழுதிவிடுங்கள். செய்திப்படத்தின் மீதும் இயற்கைப்படத்தின் மீதும் பார்ப்பவர் வைக்கும் நம்பிக்கை வேறு வகை, அதை மதிக்கத்தான் வேண்டும்.

மூன்றாவது படத்தின் மூலக் கோப்பு ராவில் இருந்தால் அனுப்பிவையுங்கள். அதன் சிவப்புச் சானலைப் பார்க்க ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்