கோழி உரிக்க இயந்திரமா, கத்தியா?

மண்டபம் வாசகி: வீட்டில் பத்துப் பன்னிரண்டு நாட்டுக்கோழிகள் நிற்கின்றன. மாதம் ஒன்றோ இரண்டோ அறுப்போம். இறகு பறிப்பதற்குள் கை ஓய்ந்துவிடுகிறது, தோலும் கிழிந்துபோகிறது. ரப்பர் விரல்கள் வைத்த உரிக்கும் இயந்திரம் வாங்கலாமா?

வாங்க வேண்டாம். மாதம் இரண்டு கோழிக்கு அது மூலையில் கிடந்து துருப்பிடிக்கத்தான் போகிறது. தோல் கிழிகிறது என்கிறீர்களே, கொதிக்கக் கொதிக்க நீரை ஊற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி ஊற்றினால் தோல் வெந்து இறகோடு பிய்ந்து வரும். ஆறிய நீரில் இறகு அசையாது. வேண்டியது 60 முதல் 65 டிகிரி செல்சியஸ். வெப்பமானி இல்லாவிட்டால், கொதித்த நீரும் குழாய் நீரும் சம அளவில் ஒரு பெரிய வாளியில் கலந்தாலே ஏறக்குறைய அந்தச் சூடு வந்துவிடும். நம் பக்கத்துக் குழாய் நீர் எப்படியும் 30 டிகிரி இருக்கிறது.

அறுத்த கோழியில் ரத்தம் முழுதும் வடிந்து, துடிப்பு அடங்கியபின் காலைப் பிடித்துத் தலைகீழாக முக்குங்கள். மேலும் கீழும் அசைத்தால்தான் இறகின் அடிவரை வெந்நீர் போகும். முக்கால் நிமிடத்தில் எடுத்து, இறக்கையின் பெரிய இறகு ஒன்றை இழுத்துப் பாருங்கள். முரண்டு பிடிக்காமல் வந்தால் போதும். முதிர்ந்த சேவலுக்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும். கோழிக்கு மஞ்சள் பூசி, மிஞ்சும் பூமயிரைக் காய்ந்த பனை ஓலைத் தீயில் வாட்டினால் போயிற்று. ஓலைக்குத்தான் நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் பஞ்சமே இல்லையே.

வாரச் சந்தைக்குக் கோழி உரித்து விற்பவர்கள் இயந்திரம் வாங்கலாம். ரப்பர் விரல்கள் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். ஈரத் தரையில் ஓடும் மோட்டார் என்பதால் எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சும் இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

கீழக்கரை வாசகர்: இணையத்தில் '304 ஸ்டீல்' கத்தி வாங்கினேன். துரு இல்லை. ஆனால் நாலைந்து கோழிக்குள் மழுங்கிவிட்டது. அறுக்கும் கத்தி கூர்மையாக இருக்க வேண்டாமா? பணம் திரும்பக் கிடைக்குமா?

304 என்பது பாத்திரமும் குழாயும் செய்யும் எஃகு. சூடேற்றிக் குளிர்வித்துக் கடினப்படுத்த அது இடம் கொடுக்காது, அதனால் கூர்மை நிற்காது. விற்பவர்கள் அந்த எண்ணைப் பெருமையாகப் போடுவதுதான் வேடிக்கை. கடையில் வாங்கும்போது ஒரு காந்தத் துண்டை வையுங்கள். கடினப்படுத்திய கத்தி எஃகில் அது நன்றாக ஒட்டும், 304-ல் பெரும்பாலும் ஒட்டாது.

கொல்லர் பட்டறையில் லாரியின் வில்பட்டை எஃகை அடித்துச் செய்யும் கத்திக்கு நிகரான கூர்மை எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆனால் உப்புக் காற்றில் ஒரே இரவில் துரு படியும். உப்புக் கிணற்று நீரில் கழுவினால், கடைசியாக நல்ல தண்ணீர் விட்டு, துடைத்து, தேங்காயெண்ணெய் ஒரு சொட்டுத் தடவி வையுங்கள். சோம்பல் உள்ளவர்கள் கடினப்படுத்திய துருப்பிடிக்காத எஃகுக் கத்தியே வாங்கலாம். அடிக்கடி சாணைக்கல்லில் தீட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பணத்துக்கு வருவோம். 'மழுங்கிவிட்டது' என்று மட்டும் எழுதினால் தட்டிக்கழிப்பார்கள். விளம்பரத்தில் 'கடினப்படுத்தியது', 'நீண்டநாள் கூர்மை' என்று இருந்தால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, ரசீதோடு விற்பனைத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள்.

தொண்டி வாசகர்: உரித்த கோழியைக் குளிர்விக்க, மீன் இறங்குதளத்து ஐஸ் போதுமா?

குளிர்விக்கப் போதும், ஆனால் இறைச்சியில் நேராகப் படக் கூடாது. அந்த ஐஸ் குடிநீரில் உறைய வைத்ததா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கோழியைத் தடித்த பையில் கட்டி ஐஸுக்குள் புதையுங்கள். அதற்குமுன் ஈரலில் ஒட்டியிருக்கும் பச்சைப் பித்தப்பையைக் கசக்காமல், சுற்றியுள்ள ஈரலில் கொஞ்சம் சேர்த்தே அறுத்து எடுத்துவிடுங்கள். உடைந்து பித்தம் பட்ட இடம் கசக்கும். உடனே கழுவுங்கள், கழுவியும் பச்சை நிறம் போகாத சதையை வெட்டி எறிந்துவிடுங்கள்.