எல்லா டேக்கையும் மூடிய பிறகும் "பி-க்குள் டிவ் வரக்கூடாது" என்ற பிழை ஏன் வருகிறது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: ரியாக்ட் மேல் கட்டப்பட்ட நெக்ஸ்ட் ஜேஎஸ் திட்டம், திறந்த டேக் எல்லாம் ஒழுங்காக மூடியிருக்கிறது, எடிட்டரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் கன்சோலில் பி டேக்குக்குள் (பத்தி) டிவ் (பொதுவான பெட்டி) இருக்கக்கூடாது என்று சிவப்பு எழுத்து, கூடவே ஹைட்ரேஷன் பிழை (சர்வர் அனுப்பிய பக்கத்தோடு ரியாக்ட் தன்னை இணைத்துக்கொள்ளும் கட்டத்தில் வருவது). பக்கம் மட்டும் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

டேக்கை மூடுவது வேறு, எதற்குள் எது இருக்கலாம் என்பது வேறு. உங்கள் எடிட்டர் பார்த்தது முதலாவதை. ரியாக்ட் திட்டுவது இரண்டாவதற்கு.

பி டேக்குக்கு ஒரு பழைய சலுகை உண்டு. அதை மூடாமலே விட்டுவிடலாம், எச்டிஎம்எல்லில் அது தவறே இல்லை. அப்படியானால் பத்தி எங்கே முடிகிறது என்று பிரவுசருக்கு எப்படித் தெரியும்? டிவ், யூஎல், எச்2, ஃபிகர், இன்னொரு பி என்று ஏதாவது ஒன்று திறந்தால், சரி, பத்தி முடிந்தது என்று தானே மூடிவிடும். கீழே நீங்கள் மூடும் டேக் எழுதி வைத்திருக்கிறீர்களா என்று அது எட்டிப் பார்ப்பதில்லை. அப்புறம் அந்த மூடும் டேக் வந்து சேரும்போது, மூடுவதற்குத் திறந்த பி எதுவும் மிச்சமில்லை. அந்த நிலையில் விதிப்படி ஒரு காலி பி உருவாகிறது. ஆக, நீங்கள் எழுதியது ஒரு பி, அதற்குள் ஒரு டிவ். பிரவுசரிடம் இருப்பதோ ஒரு காலி பி, ஒரு டிவ், இன்னொரு காலி பி, மூன்றும் பக்கத்துப் பக்கத்தில். சில பக்கங்களில் எங்கிருந்து வந்தது என்றே தெரியாத இடைவெளி இருக்குமே, பாதி நேரம் இந்தக் காலி பி-க்களின் மார்ஜின்தான்.

இது பிரவுசரின் இஷ்டம் இல்லை. தப்பான மார்க்கப்பை எப்படிப் படிக்க வேண்டும் என்பதையும் எச்டிஎம்எல்5 விதிகளே படிப்படியாகச் சொல்கின்றன. அதனால் குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றும் ஒரே மாதிரிதான் "திருத்தும்".

ஹைட்ரேஷன் பிழையின் கதையும் இதிலேயே இருக்கிறது. சர்வர் அனுப்புவது வெறும் எழுத்து. அதைப் படித்து டேக்குகளின் மரமாக்கும்போது பிரவுசர் மேலே சொன்ன திருத்தத்தைச் செய்துவிடுகிறது. பிறகு ரியாக்ட் வந்து, பி-க்குள் டிவ்வைத் தேடினால் அங்கே காலி. முழுக்க பிரவுசரிலேயே ரெண்டர் ஆகும் திட்டத்தில் இந்த ஹைட்ரேஷன் பிழை வராது. அங்கே ரியாக்ட் ஒவ்வொரு எலிமென்டாக உருவாக்கித் தானே ஒட்டுகிறது, எழுத்தைப் படிக்கும் வேலையே இல்லை. எதை எதற்குள் போட்டாலும் டாம் (பிரவுசர் வைத்திருக்கும் அந்த மரம்) வாங்கிக்கொள்ளும். "இதே கம்போனென்ட் (பக்கத்தின் ஒரு துண்டுக்கான கோட்) பழைய திட்டத்தில் ஓடியதே" என்று பலர் குழம்புவது இதனால்தான்.

இப்போது எங்கே தேடுவது? உங்கள் கோப்பில் பி-யும் டிவ்வும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கண்ணுக்குத் தெரியாது என்று பந்தயம் கட்டுவேன். ஒரு கோப்பு பி-யைத் திறக்கும், அதற்குள் வரும் கம்போனென்ட் வேறு கோப்பில் டிவ்வைத் திறக்கும். தனித்தனியாக இரண்டுமே சரி. பல யூஐ நூலகங்களில் எழுத்துக்கான கம்போனென்ட், டயலாக் விளக்கத்துக்கான கம்போனென்ட் எல்லாம் சொல்லாமலே பி-யாகத்தான் வெளிவரும். அதற்குள் ஒரு பேட்ஜோ லோடிங் சுழலியோ வைத்தால் முடிந்தது. எனவே கம்போனென்டின் பெயரைப் பார்க்காதீர்கள், கடைசியில் அது என்ன டேக்காக வெளிவருகிறது என்று பாருங்கள்.

அதற்கு எனக்குப் பிடித்த வழி மிகச் சாதாரணமானது. "வியூ சோர்ஸ்" ஒரு பக்கம், ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டு "இன்ஸ்பெக்ட்" இன்னொரு பக்கம் (அணைக்காவிட்டால் பிழைக்குப் பிறகு ரியாக்ட் மரத்தை மாற்றிவிடும்). முதலாவது சர்வர் அனுப்பியது, இரண்டாவது பிரவுசர் திருத்தியது. இரண்டும் எந்த இடத்தில் பிரிகின்றனவோ அங்கேதான் குற்றவாளி. ஃபயர்பாக்ஸின் வியூ சோர்ஸ் பிழைகளைச் சிவப்பிலேயே காட்டிவிடும். எச்டிஎம்எல் பிழைகளைச் சோதிக்கும் டபிள்யூ3சி வேலிடேட்டரிலும் போட்டுப் பார்க்கலாம், ஆனால் டெம்ப்ளேட்டை ஒட்டாதீர்கள். ரெண்டர் ஆகி வந்த எச்டிஎம்எல்லை ஒட்டுங்கள். "திறந்த பி எதுவும் இல்லை, ஆனால் மூடும் பி வந்திருக்கிறது" என்கிற பொருளில் அது சொன்னால், அது காட்டும் வரியில் தப்பு இருக்காது. அதற்கு மேலே போய் பி-யை முன்கூட்டியே மூட வைத்தது யார் என்று பாருங்கள்.

ரியாக்ட் இப்படிச் சத்தம் போடுவதே ஒரு உதவிதான். ஒருமுறை சர்வரிலேயே உருவாகும் ஒரு கட்டுரைப் பட்டியல் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். ஜாவாஸ்கிரிப்டே கிடையாது, எனவே கன்சோலில் ஒரு வரி எச்சரிக்கையும் இல்லை. ஒவ்வொரு கட்டுரைக்குமான கார்டு முழுவதும் ஒரு ஏ டேக்குக்குள் (லிங்க்) இருந்தது, எங்கே தொட்டாலும் கட்டுரை திறக்க வேண்டும். பிறகு யாரோ (நான்தான் என்று பிறகு கோட் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் சொன்னது) உள்ளே இன்க்ளூட் ஆகும் கோப்பில் ஆசிரியர் பெயரையும் லிங்க் ஆக்கியிருந்தார்கள். லிங்குக்குள் லிங்க் கூடாது. இரண்டாவது ஏ திறந்ததுமே பிரவுசர் முதலாவதை மூடிவிடும். விளைவு, தலைப்பைத் தொட்டால் கட்டுரை, பெயரைத் தொட்டால் ஆசிரியர் பக்கம், பெயருக்குக் கீழே இருந்த சுருக்கத்தைத் தொட்டால் ஒன்றுமே இல்லை. அரை நாள் சிஎஸ்எஸ்ஸில் ஏதோ மேலே மூடியிருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

கார்டைச் சுற்றியிருந்த ஏ-யை எடுத்துவிட்டு, தலைப்பை மட்டும் லிங்க் ஆக்கினேன். கார்டுக்கு பொசிஷன் ரிலேட்டிவ் கொடுத்து, தலைப்பு லிங்கின் ஆஃப்டர் சூடோ எலிமென்டை அப்சல்யூட்டாகக் கார்டு முழுவதும் விரித்தேன். ஆசிரியர் லிங்குக்கு ரிலேட்டிவும் ஒரு இசட்-இண்டெக்ஸும் கொடுத்து அதற்கு மேலே கொண்டுவந்தேன். இப்போதும் எங்கே தொட்டாலும் கட்டுரை திறக்கிறது, மரமும் சுத்தம்.

உங்கள் விஷயத்துக்கு இவ்வளவு தேவைப்படாது. வெளியே இருக்கும் பி-யை டிவ் ஆக்குங்கள். பெரும்பாலான நூலகங்களில் எந்த டேக்காக வெளிவர வேண்டும் என்று மாற்ற ஒரு ப்ராப் (கம்போனென்டுக்குக் கொடுக்கும் அமைப்பு) இருக்கும். உண்மையிலேயே அது பத்திதான் என்றால், உள்ளே இருப்பதை ஸ்பேன் (வரிக்குள் வரும் டேக்) ஆக்கி டிஸ்ப்ளே பிளாக் கொடுங்கள். தலைகீழாகச் செய்யாதீர்கள்: டிவ்வுக்கு டிஸ்ப்ளே இன்லைன் கொடுத்தால் தப்பிக்கலாம் என்பது நடக்காது, எச்டிஎம்எல்லைப் படிக்கும்போது பிரவுசர் சிஎஸ்எஸ்ஸைப் பார்ப்பதே இல்லை.

மார்க்டவுனில் தனியாக நிற்கும் படம் பி-க்குள்தான் வரும். அதன் கம்போனென்டை நீங்கள் ஃபிகர் ஆக்கியிருந்தால் இதே பிழை. சிஎம்எஸ்ஸிலிருந்து (உள்ளடக்கத்தை நிர்வகிக்கும் மென்பொருள்) வரும் ரிச் டெக்ஸ்டை பி-க்குள் போட்டாலும் அதே கதை, அதற்குள்ளேயே பி-க்கள் இருக்கின்றன. பைத்தான் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவும் தப்பவில்லை: பயனர் பதிவுப் படிவத்தை பி வடிவில் அச்சிட்டால் கடவுச்சொல் விதிகளின் யூஎல் பட்டியல் பி-க்குள் போய் விழும். 5.0 பதிப்பிலிருந்து இயல்பான வடிவமே டிவ்தான்.

டேபிளில் டிஆரை (ஒரு வரிசை) நேரடியாகப் போட்டால் பிரவுசர் இடையில் ஒரு டிபாடியை (வரிசைகளைச் சுற்றும் டேக்) செருகும், நீங்களே எழுதிவிடுங்கள். ஃபார்முக்குள் ஃபார்ம் இன்னும் மோசம். உள்ளே திறப்பது கண்டுகொள்ளப்படாது, ஆனால் உள்ளே மூடுவது வெளி ஃபார்மை மூடிவிடும். இரண்டையும் தனித்தனியாக வையுங்கள். பட்டன் வேறு இடத்தில் இருக்க வேண்டுமென்றால் ஃபார்ம் ஆட்ரிபியூட்டில் ஐடியைக் கொடுத்து இணைக்கலாம்.

ஹைட்ரேஷன் எச்சரிக்கையை அமுக்கும் ப்ராப் ஒன்று இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். அது மரத்தைச் சரிசெய்யாது. "யூஸ் கிளையன்ட்" போட்டும் பயனில்லை, கிளையன்ட் கம்போனென்டும் முதலில் சர்வரில் ரெண்டர் ஆகிறது. சர்வரில் ரெண்டர் செய்வதை (எஸ்எஸ்ஆர்) அணைத்தால் பிழை மறையும், கூடவே சர்வர் அனுப்பும் எச்டிஎம்எல்லிலிருந்து அந்த உள்ளடக்கமும் மறையும்.

இன்னொன்று. வேலிடேட்டர் காட்டும் எல்லாப் பிழையும் இந்த வகை இல்லை. ஸ்பேனுக்குள் டிவ், பட்டனுக்குள் டிவ் இரண்டும் விதிப்படி தப்புதான், ஆனால் பிரவுசர் மரத்தை மாற்றாது, ஹைட்ரேஷனும் உடையாது. நான் இருந்தால் முதலில் பி, ஏ, டேபிள், ஃபார்ம் இந்த நான்கையும் சரிசெய்துவிட்டு, ஸ்பேன், பட்டன் பிழைகளை அடுத்த முறை அந்தக் கோப்பைத் திறக்கும்போது பார்த்துக்கொள்வேன்.